ரெண்டு புள்ளி சிவப்பு

என் மனைவிக்கு அச்சகத்தில் வைத்த பெயர் ரெண்டு புள்ளி. முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் இல்லை, முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிட்டார்கள். அச்சடித்த வண்ணப் படத்தைப் பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தால் அத்தனையும் புள்ளிகள்தான். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு. இயந்திரம் ஓடத் தொடங்கியதும் முதல் தாளை அவள் மேசைக்குக் கொண்டுபோவார்கள். அவள் அதை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்துப் பார்த்துவிட்டு, "சிவப்பு ரெண்டு புள்ளி கம்மி பண்ணுங்க" என்பாள். இயந்திரக்காரர் முணுமுணுத்துக்கொண்டே போய்த் திருகுவார். அடுத்த தாளில் பார்த்தால், படத்தில் இருந்த பெண்ணுக்குக் காய்ச்சல் விட்டதுபோல முகம் தெளிந்திருக்கும். அச்சகத்தில் முதலாளி பேச்சுக்குக்கூட மறுபேச்சு உண்டு, அவள் கண்ணுக்குக் கிடையாது.

நான் கண்ணாடிக் கடைக்காரன். ஜன்னலுக்கு, மேசைக்கு, படச் சட்டத்துக்கு என்று அளவு சொன்னால் அறுத்துக் கொடுப்பேன். கல்யாணத்துக்கு முன்னால், முதல் தடவை வாங்கிப்போன கண்ணாடியை அவள் மறுநாளே திருப்பிக் கொண்டுவந்தாள்.

"இதுல பச்சை இருக்கே."

"கண்ணாடியில ஏதும்மா பச்சை? கண்ணாடி கண்ணாடி நிறத்துலதான் இருக்கும்."

அவள் சண்டை போடவில்லை. பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் மேசைமேல் விரித்து, கண்ணாடியை அதன்மேல் வைத்தாள். பச்சை இருந்தது. ஓரத்தில் அடர்த்தியாக, நடுவில் சொன்னால்தான் தெரியும் அளவுக்கு. பதினோரு வருடமாகக் கண்ணாடி அறுத்தவன் அன்றைக்குத்தான் கண்ணாடியைப் பார்த்தேன். எனக்கு நன்றி வரவில்லை, கோபம்தான் வந்தது. என் கடைக்கு வந்து என் சரக்கில் எனக்கே தெரியாத நிறத்தைக் காட்ட இவள் யார்? அந்தக் கோபம் ஆறுவதற்குள் கல்யாணமே முடிந்துவிட்டது என்று என் அக்கா சொல்லிச் சிரிப்பாள்.

கடைக்குப் பின்னால் இருந்த வீட்டில் அவள் செய்துகொண்டிருந்த வேலையை ஓவியம் என்று சொல்ல எங்கள் ஆட்களுக்கு வாய் வரவில்லை. ஒரு மரச் சட்டத்துக்குள் மூன்று கண்ணாடிகள், ஒன்றன்பின் ஒன்றாக, இடையில் விரல் அளவு இடைவெளி. ஒன்றில் மஞ்சள் மட்டும், ஒன்றில் சிவப்பு மட்டும், ஒன்றில் நீலம் மட்டும். வார்னிஷில் மையைக் கலந்து அகலத் தூரிகையால் மெல்லியதாகப் பூசுவாள். ஓர் இடத்தில் ஒரே பூச்சு, பக்கத்தில் மூன்று, இன்னோர் இடத்தில் ஏழு. ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகுதான் அடுத்தது. அதில் மரம் கிடையாது, மனிதர் கிடையாது, வீடு வாசல் கிடையாது. சுவரில் மாட்டினால் வெறும் அழுக்குக் கண்ணாடி. ஜன்னலில் நிறுத்தினால்தான் அது என்னவென்று தெரியும். ஊதா நிறத்தை அவள் வாங்கியதே இல்லை. சிவப்புக்குப் பின்னால் நீலம் நின்றால் அங்கே ஊதா வந்துவிடும். நீங்கள் ஓரடி நகர்ந்தால் ஊதாவும் கூடவே நகரும்.

"இன்னும் துடைச்சு முடிக்கலையா இதை?" என்று அக்கா கேட்டாள், முதல் தடவை பார்த்தபோது.

"இது துடைக்கிறதுக்கு இல்ல அண்ணி, பார்க்கிறதுக்கு."

"இதுல என்ன தெரியுது?"

"வெளிச்சம் தெரியுது."

"வெளிச்சம் சும்மாவே தெரியுமே!"

"சும்மா போனா தெரியாது அண்ணி. எதுமேலயாவது பட்டாத்தான் தெரியும்."

எங்கள் குடும்பத்தில் அக்காவின் வாயை மூடவைத்த ஆள் இவள் ஒருத்திதான்.

ஒவ்வொரு பூச்சுக்கும் என்னைக் கூப்பிட்டு "எப்படி இருக்கு?" என்று கேட்பாள். நான் கடையில் பாதி அறுத்த கண்ணாடியை விட்டுவிட்டு வந்திருப்பேன். "நல்லா இருக்கு" என்பேன்.

"உங்க 'நல்லா இருக்கு'ல ரெண்டு புள்ளி பொய் இருக்கு. அதைக் குறைச்சுட்டுச் சொல்லுங்க."

அப்புறம்தான் உண்மையிலேயே பார்ப்பேன். "அந்த மூலையில மஞ்சள் கொஞ்சம் சத்தம் போடுது" என்பேன். அவளுக்கு முகம் மலர்ந்துவிடும். குறை சொன்னால் மலரும் முகத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பதிலுக்கு அவளும் எனக்குக் குறை வைக்க மாட்டாள். எங்கே கிளம்பினாலும் அவள் முன்னால் போய் நிற்பேன். "காலர் மடங்கியிருக்கு", "இந்தச் சட்டை உங்க முகத்தைச் சாம்பலாக் காட்டுது", "ஒரு பக்க மீசை ரெண்டு புள்ளி கூட" என்று ஏற இறங்கப் பார்த்து ஏதாவது சொல்லித்தான் அனுப்புவாள். அவளிடம் ஒரு குறை கேட்காமல் நான் வீட்டுப் படி இறங்கியதில்லை.

அவளுக்கு நாற்பது வயதானபோது, பொது நூலகத்தின் மாடிப்படி ஜன்னலுக்கு ஏதாவது செய்து தர முடியுமா என்று நூலகர் கேட்டார். அவர் எங்கள் கடைக்கு வந்தபோது உள்ளறை ஜன்னலில் இருந்த ஒன்றைப் பார்த்திருக்கிறார். அதுவரைக்கும் யாரும் அவளிடம் எதுவும் கேட்டதில்லை. ஐந்து பிரிவுள்ள உயரமான மேற்கு ஜன்னல். ஐந்து சட்டம், பதினைந்து கண்ணாடி. அவள் ஒரு வருடம் உழைத்தாள். அச்சக வேலை முடிந்து வந்து, கைகால் கழுவிக்கொண்டு நேராக உள்ளறைக்குப் போய்விடுவாள். நான்தான் சமையல். என் சமையலைப் பற்றியும் அவளிடம் கருத்து இருந்தது, அதை விடுங்கள்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

கடைசி சிவப்புக் கண்ணாடி மட்டும் பாக்கி இருக்கும்போது சிவப்பு மை தீர்ந்துபோனது. அவள் வாங்குவது ஒரே ஒரு கடையில், ஒரே ஒரு சிவப்பு. 'வெயிலில் வெளுக்காது' என்று புட்டியிலேயே போட்டிருக்கும். அந்தக் கடைக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். அச்சகத்தில் நாள்காட்டி வேலை, அவளால் நகர முடியவில்லை. நான் போகிறேன் என்றேன். "இன்னிக்கு அவங்களுக்கு லீவு, நாளைக்குப் போங்க" என்றாள். அன்று காலையில் வேறு எதற்கோ எங்களுக்குள் வாக்குவாதம். எதற்கு என்று இன்று நினைவில்லை. "எனக்குத் தெரியும், திறந்துதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு வீம்புக்குக் கிளம்பினேன்.

கடை பூட்டியிருந்தது.

வெறுங்கையோடு திரும்பினால் "நான் சொன்னேன்ல" என்பாள். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்கக்கூடாது என்பதற்காக ஒரு மனிதன் எவ்வளவு தூரம் போவான் என்று நினைக்கிறீர்கள்? அடுத்த தெருவில் காகிதப் பூவுக்கும் பொம்மைக்கும் சாயம் விற்கிற கடை திறந்திருந்தது. வார்னிஷில் கலக்கிற சிவப்பு வேண்டும் என்றேன். "எல்லாச் சிவப்பும் ஒண்ணுதான் சார்" என்றான் கடைக்காரன். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. வீட்டுக்கு வந்து, அவளுடைய காலிப் புட்டியில் அதை ஊற்றி மூடி வைத்தேன். "பாத்தியா, கடை திறந்துதான் இருந்துச்சு" என்று வாய்கூசாமல் சொன்னேன்.

அவள் ஒரு கண்ணாடித் துண்டில் அதைப் பூசி, ஜன்னலில் பிடித்துப் பார்த்தாள்.

"இது ரெண்டு புள்ளி கூட இருக்கே."

"புது சரக்கா இருக்கும்."

"இருக்கும்." இன்னும் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தாள். "ஆனா என்னமா தெளிவா இருக்கு! இவ்வளவு நாளா எங்க வச்சிருந்தாங்க இதை?"

சந்தோஷப்பட்டாள். அதோடு விட்டிருந்தால் கெட்டது ஒரு கண்ணாடியாகத்தான் இருந்திருக்கும். ஒன்றில் புதுச் சிவப்பும் நான்கில் பழைய சிவப்பும் இருந்தால் அவள் கண்ணுக்கு ஒத்துவருமா? பழைய நான்கு கண்ணாடிகளையும் எடுத்து, ஆறு மாதமாகப் பூசிய நல்ல சிவப்பை எல்லாம் பிளேடால் சுரண்டத் தொடங்கினாள். மேசைக்கு எதிர்ப்பக்கம் நான் நின்றுகொண்டிருந்தேன். சிவப்புத் தூள் தரையில் கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். "நிறுத்து, அது வேற சாயம்" என்றால் கோபிப்பாள், இரண்டு நாள் பேச மாட்டாள், அவ்வளவுதான். நான் போய்த் துடைப்பம் எடுத்துவந்து தூளைப் பெருக்கிக் கொடுத்தேன்.

திறப்பு நாளன்று சாயங்கால வெயில் அந்த ஜன்னல் வழியாக இறங்கியதைப் பார்த்தவர்கள் பாக்கியவான்கள். படிக்கட்டு முழுக்க நிறம் கிடந்தது. புத்தகம் எடுக்க வந்தவர்கள் எடுக்காமல் படியிலேயே நின்றார்கள். கையை நீட்டி உள்ளங்கையில் ஆரஞ்சை வாங்கிப் பார்த்தார்கள். ஏழாவது படியில் ஒரு ஊதா விழுந்தது. அவள் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, தன் வெள்ளைக் கைக்குட்டையை அதில் விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். என்னைப் பார்த்து "எப்படி இருக்கு?" என்று உதடு மட்டும் அசைத்தாள். நான் சொன்ன 'நல்லா இருக்கு'களிலேயே ஒரு புள்ளிகூடப் பொய் இல்லாதது அன்று சொன்னதுதான். பத்திரிகையில் படம் வந்தது, கறுப்பு வெள்ளையில்.

அந்த மாதிரிச் சாயம் வெயில் தாங்காது. எந்த வெளிச்சத்துக்காக அவள் அதைச் செய்தாளோ அந்த வெளிச்சமே அதைத் தின்றது. விடுமுறைக்கு விடுமுறை நூலகத்துக்குப் போய்ப் பார்ப்பாள். முதலில் "இன்னிக்கு மேகமா இருக்கு" என்றாள். அப்புறம் "தூசி படிஞ்சிருக்கு" என்று துணி கொண்டுபோய்த் துடைத்தாள். எட்டாவது மாதம் என்னையும் கூட்டிப்போய் ஏழாவது படியில் நிறுத்தினாள். படியில் கிடந்தது நீலம். ஆரஞ்சு இருந்த இடத்தில் மஞ்சள். மற்றவர்களுக்கு அதுவும் அழகாகத்தான் இருந்தது. நிறத்தை யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்?

"இதுல சிவப்பு இருக்குங்களா?" என்று கேட்டாள்.

இல்லை என்று எனக்குத் தெரிந்தது. கண்ணாடிக்காரனுக்கே தெரிந்தது.

"இருக்கே" என்றேன்.

"வெளுத்த மாதிரி இல்ல?"

"அந்தச் சிவப்புதான் வெளுக்காதே. நம்ம வீட்டு ஜன்னல்ல பத்து வருஷமா அப்படியே நிக்குதே. நல்லாத்தான் இருக்கு, உனக்குத்தான் அப்படித் தெரியுது."

உனக்குத்தான் அப்படித் தெரியுது. சாயத்தை மாற்றியது வீம்பு. இதைச் சொன்னதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அவள் என்னை நம்பினாள். என்னை நம்ப வேண்டுமென்றால் தன் கண்ணை நம்பக்கூடாது, வேறு வழி இல்லை. கண் டாக்டரிடம் போனாள். அவர் குறை ஒன்றும் இல்லை என்றார். அதில் அவளுக்குப் பயம் அதிகமானது. "கண்ணுல இல்லைன்னா உள்ளதான் ஏதோ ஆயிடுச்சு" என்றாள். ஒருநாள் சமையலறையில் நின்றபடி சொன்னாள்: "அன்னிக்கும் இப்படியேதான் இருந்திருக்குமோ? நான்தான் ஆசையில அதிகமாப் பாத்துட்டேனோ?" நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அச்சகத்தில் தாளைக் கொண்டுவந்து வைத்தால் பத்து நிமிடம், கால் மணி நேரம் என்று பிடித்துக்கொண்டே இருந்தாளாம். "அக்கா, எத்தனை புள்ளி?" என்று இயந்திரக்காரர் கேட்டால், "நீங்களே பாத்துக்கோங்க" என்றாளாம். அந்த வருடக் கடைசியில் அவளாகவே வேலையை விட்டாள். முதலாளி வீடு தேடி வந்து கேட்டும் போகவில்லை. "நிச்சயமில்லாத கண்ணை வச்சுக்கிட்டு அந்த மேசையில உட்காரக் கூடாதுங்க" என்றாள். உள்ளறையில் பூசாமல் இருந்த கண்ணாடிகளை அடுக்கிக் கடைக்குக் கொண்டுவந்தாள். "யாருக்காவது ஜன்னலுக்கு அறுத்துக் கொடுங்க." தூரிகைகளைக் கழுவிக் காயவைத்து, துணியில் சுற்றிப் பரணில் போட்டாள்.

ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். முதல் மாதம் சொல்லியிருந்தால் அது வெறும் தப்பாக இருந்திருக்கும். முதல் வருடம் சொல்லியிருந்தால் துரோகம். அதற்கப்புறம் சொன்னால் அவளுக்குப் போன வேலை வருமா, போன சிவப்பு வருமா என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். கோழைக்குக் கேள்விக்கா பஞ்சம்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன், தினமும் அவள் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிடவும் செய்தேன். இப்படிப் பதினோரு வருடம் போனது.

போன வருடம் நூலகத்தில் மாடிப்படியை அகலப்படுத்தினார்கள். ஜன்னலை இடிக்க வேண்டியிருந்தது. சட்டங்கள் ஐந்தையும் வண்டியில் ஏற்றி என் கடையில் கொண்டுவந்து இறக்கினார்கள். அவள் பின்னால் வீட்டில் இருந்தாள். முதல் சட்டத்தைப் படுக்கவைத்து, உளியால் மரத்தை நெம்பி, சிவப்புக் கண்ணாடியை வெளியே எடுத்தேன்.

நடுவெல்லாம் வெறும் கண்ணாடி. ஆனால் நாலு ஓரத்திலும் ஒரு விரல் அகலத்துக்குச் சிவப்பு அப்படியே இருந்தது. கண்ணாடியின் ஓரம் சட்டத்தின் பள்ளத்துக்குள் செருகி இருக்குமல்லவா, அங்கே வெயில் படவில்லை. நேற்றுப் பூசியதுபோல் இருந்தது. 'ரெண்டு புள்ளி கூட இருக்கே' என்று அவள் சொன்ன அதே சிவப்பு.

அவளைக் கூப்பிட்டிருக்க வேண்டும். பதினோரு வருடத்துக்குப் பிறகு, உன் கண் சரியாகத்தான் இருந்தது என்பதற்கு அத்தாட்சி என் கையில் கிடைத்திருக்கிறது. ஓடிப்போய்க் கூப்பிட்டிருக்க வேண்டும். நான் கட்டரை எடுத்தேன். அளவுகோலை வைத்துக் கோடு இழுத்து, ஓரங்களை அறுக்கத் தொடங்கினேன். என் தொழிலில் நான் சுத்தக்காரன். மூன்று கண்ணாடி முடிந்து, பன்னிரண்டு சிவப்புக் கீற்றுகள் தரையில் கிடந்தன. நாலாவதில் கோடு இழுக்கும்போது வாசலில் நிழல் விழுந்தது. சாப்பிடக் கூப்பிட வந்திருந்தாள்.

அவள் சட்டங்களைப் பார்த்தாள். கீழே பார்த்தாள். குனிந்து ஒரு கீற்றை எடுத்தாள். என் மேசையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை இழுத்து அதன்மேல் கீற்றை வைத்து, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். முதல் நாள் அதே மேசையில் செய்ததைத்தான் செய்தாள்.

"இது இருந்துச்சு" என்றாள். குரல் மிகவும் மெதுவாக இருந்தது. "அன்னிக்கு இது இருந்துச்சுங்க."

"ம்."

"இது நான் வாங்குற சிவப்பு இல்ல."

கையில் கட்டரோடு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பூட்டிய கடை, காகிதப் பூச் சாயம், காலிப் புட்டி. இடையில் ஒரு கேள்வியும் கேட்காமல் கேட்டாள். முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"சரி, கடையில ஏமாந்துட்டீங்க. படியில நிக்க வச்சு நான் கேட்டப்போ, உங்களுக்கும் சிவப்பு இருக்கிற மாதிரிதானே தெரிஞ்சுது?"

அவள் முகத்தைப் பார்த்தேன். ஆமாம் என்று சொல் என்று அந்த முகம் என்னைக் கெஞ்சியது. எனக்குத் தப்பிக்க ஒரு கதவை அவளே திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். வாழ்க்கையில் ஒரு தடவையாவது அவளிடம் புள்ளி குறையாமல் உண்மை சொல்ல வேண்டும் என்று அந்த நேரம் பார்த்துத்தானா எனக்குத் தோன்ற வேண்டும்?

"இல்ல" என்றேன். "போயிடுச்சுன்னு எனக்குத் தெரிஞ்சுது."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அழவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். அவளுக்குக் கண் கெடவே இல்லை, கெட்டுவிட்டது என்று நம்பவைத்தவன் நான். "நான் கண்ணு போச்சுன்னு நினைச்சேங்க" என்றாள். அப்புறம் எழுந்து, கீற்றுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தாளில் சுருட்டினாள். "சாப்பிட வாங்க, ஆறிடும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கத்தியிருக்கலாம். கோபித்துக்கொண்டு தன் அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கலாம். போயிருந்தால் பின்னாலேயே போய்க் காலில் விழுந்திருப்பேன். அவள் எங்கேயும் போகவில்லை. மறுநாளே நான் இரண்டு பஸ் மாறி, கடை திறந்திருக்கிறதா என்று போன் செய்து கேட்டுக்கொண்டு போய், அந்தச் சிவப்பை வாங்கிவந்தேன். இருப்பதிலேயே பச்சை குறைந்த கண்ணாடியாகப் பார்த்து மூன்று அறுத்து, ஓரம் தேய்த்து உள்ளறையில் வைத்தேன். "வைங்க" என்றாள். புட்டியின் மூடி இன்னும் திறக்கப்படவில்லை. மாதத்துக்கு ஒரு தடவை அவள் இல்லாத நேரம் பார்த்துத் தூசி துடைத்து வைக்கிறேன்.

பேசாமல் இல்லை, பேசுகிறாள். உப்பு போதுமா என்கிறாள், மழை வரும்போல இருக்கிறது என்கிறாள். ஆனால் எதைக் காட்டியும் "எப்படி இருக்கு?" என்று என்னைக் கேட்பதில்லை.

சென்ற வாரம் அக்கா வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். இவளோ தனக்குத் தலைவலி, நீங்கள் போய்விட்டு வாருங்கள் என்றாள். குளித்துப் புதுச் சட்டை போட்டுக்கொண்டேன். வருடக்கணக்கான பழக்கம், கால் தானாகவே அவள் முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. திட்டினாலும் பரவாயில்லை என்று இருந்தது. ஒரு குறை, ஒரே ஒரு குறை சொன்னால் போதும்.

"எப்படி இருக்கு?" என்றேன்.

அவள் ஏற இறங்கப் பார்த்தாள். நிதானமாக, முன்பு முதல் தாளைப் பார்த்ததுபோலவே பார்த்தாள்.

"நல்லா இருக்கு" என்றாள்.

அவள் வாயில் அந்தச் சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. தெரு முழுக்க அதையே நினைத்துக்கொண்டு நடந்தேன். அக்கா கதவைத் திறந்ததும் சிரித்தாள்.

"ஏன்டா, பட்டனை மேலயும் கீழயும் மாத்திப் போட்டுட்டு வந்திருக்கே? உன் பொண்டாட்டி பாக்கலையா?"

பார்த்தாள் என்று அக்காவிடம் எப்படிச் சொல்வது?